நீலமா, பச்சையா, ஊதாவா: மருமகனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு

காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரணம்தான் இருக்கும். யாரோ செத்துப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் நியூஜேர்சியில் இருக்கும் அக்காவின் மகன். அங்கே அப்போது இரவு எட்டு மணி. கடையில் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு எடுப்பான்.

“மாமா, நேவியில சேருவம் எண்டு இருக்கிறன். பிளேன் ஏறி இறங்கிற கப்பலில வேலை. மூண்டு கலர் காட்டினவங்கள். எதை எடுக்கிறது?”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் ராம்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், ஒன்பது வருடம் நின்றவன் நான். சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன், பெட்டி ஏற்றினேன், இழுவை வண்டி ஓட்டினேன், கடைசி மூன்று வருடம் இரண்டு கையிலும் குச்சி பிடித்து விமானத்தை உள்ளே கூப்பிட்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விமானத்துக்கு உள்ளே இருந்து போனவர்கள், கீழே நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் இரண்டு கிழமை இருந்து வாசித்து, எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கிரீன்கார்ட் லொத்தர் விழுந்து போன வேறு வீடுகளிலும் இதே கேள்வி எழும் என்பதால் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “பெடியன் பிளேன் எஞ்சினியர் வேலைக்குப் போறான்” என்று அக்கா கொக்குவில் முழுக்கச் சொல்லிவிட்டா. அப்படி இல்லை. அமெரிக்கக் கடற்படையில் இந்த வேலையின் பெயர் ஏவியேஷன் போட்ஸ்வெயின்ஸ் மேட். ஏபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போட்ஸ்வெயின் என்பது நாங்கள் சொல்லும் போசன்தான். போசன் என்றால் யார் என்று வல்வெட்டித்துறைக் கப்பல்கார ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கயிறு, சங்கிலி, பாரம், தளம் எல்லாம் அவன் பொறுப்பு. ஏபி அதே போசன்தான், கயிற்றுக்குப் பதிலாக விமானம். அவன் விமானத்தை நகர்த்துவான், எறிவான், பிடிப்பான், எண்ணெய் அடிப்பான், எரிந்தால் அணைப்பான். திருத்துவது மட்டும் வேறு ஆட்கள். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் நாலு வருடம் கழித்து வெளியே வரும்போது அதுதான் பெரிதாக நிற்கும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் வேலையில் போவது ஒன்றும் புதிதில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் மசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லித்தான் அக்காவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

அம்மாவைச் சமாதானப்படுத்த என்னிடம் எதுவும் இருக்கவில்லை. “நேவி” என்ற சொல் காதில் விழுந்ததும் அவ கதையை நிறுத்திவிட்டா. தொண்ணூறுகளில் கிளாலிக் கடலை இருட்டில் படகில் கடந்தவ. அந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல் வேறு ஒன்று. “அது அமெரிக்கன் நேவி அம்மா, வேற” என்று அக்கா போனில் சொன்னதற்கு மறுமொழி இல்லை, எழும்பிச் சாமியறைக்குப் போய்விட்டா. நானும் அதற்கு இங்கே மறுமொழி சொல்லப்போவதில்லை. நீ தள்ளி விடுகிற விமானம் மேலே போய் என்ன செய்கிறது என்ற கேள்வி எந்த நிறச் சட்டை போட்டாலும் கூடவே வரும். அதை அவன் தனியே இருந்து யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது வேலை, அதைச் சொல்கிறேன்.

நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் 333 மீட்டர் நீளம், நாலரை ஏக்கர் விசாலம். யாழ்ப்பாணத்துக் காணி அளவில் 72 பரப்பு. அதற்குள் எஞ்சின் ஓடுகிற விமானம், இறங்குகிற விமானம், குண்டு வண்டி, எண்ணெய்க் குழாய், சுற்றுகிற ஹெலிகொப்டர் விசிறி எல்லாம் ஒரே நேரத்தில். வாயால் சொல்வது ஒருவருக்கும் கேட்காது. அதனால்தான் சட்டைக்கு நிறம். மஞ்சள் போட்டவர் வழிகாட்டுபவர், அவர் கை சொன்னபடிதான் விமானம் அசையும். சிவப்பு என்றால் ஆயுதமும் தீயணைப்பும். பழுப்பு அந்தந்த விமானத்தின் பொறுப்பாளர், வெள்ளை பாதுகாப்பும் மருத்துவமும். புதிதாகச் சேரும் ஏபிக்குக் கிடைப்பது மீதி மூன்று. விமானம் நகர்த்துகிற ஏபிஎச்சுக்கு நீலம், எறிகிற பிடிக்கிற இயந்திரங்களைப் பார்க்கிற ஏபிஈக்குப் பச்சை, எண்ணெய்க்கார ஏபிஎஃப்புக்கு ஊதா. நிறம் பிரித்தறியாத கண் என்றால் இந்தப் பக்கம் வரவே முடியாது. அதை முதலில் பார்த்துக்கொள் என்றேன். அவனுக்குக் கண்ணில் பிழை இல்லை.

நீலத்தில் இருந்து தொடங்குகிறேன், எனக்கு ஆகவும் தெரிந்த வேலை அது. நான் செய்ததையே ஆடுகிற கப்பலில் செய்வது என்று நினைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் அந்த நினைப்புப் போய்விட்டது. ராம்பில் விமானம் வந்து நிற்கும், எஞ்சின் அணையும், மேலே இருக்கிற சிவப்பு விளக்கு அணையும், பிறகுதான் நாங்கள் கட்டையோடு கிட்டப் போவோம். அந்த விளக்கு அணையுமுன் ஒரு அடி முன்னே வைத்தாலும் மேற்பார்வையாளர் கத்துவார். கப்பலில் அப்படிக் காத்திருக்க நேரமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டையும் தளத்தில் உள்ள வளையங்களுக்குச் சங்கிலியும் போட வேண்டும். ஓர் ஆள் கழுத்திலும் தோளிலும் சங்கிலிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்காக நிற்பான். எதிர்க்காற்று, பக்கத்து விமானத்தின் வெப்பக்காற்று, இரவானால் அடுத்தவனின் மின்சூளில் இருக்கும் வெளிச்சம் மட்டும். 1991இல் தியோடர் ரூஸ்வெல்ட் கப்பலில் ஒரு மாலுமியை ஏ-6 விமானத்தின் எஞ்சின் வாய் அப்படியே இழுத்து விழுங்கியது. அவருடைய தலைக்கவசம் முதலில் உள்ளே போய் எஞ்சினைக் கெடுத்ததால் மனிதர் உயிரோடு வெளியே வந்தார். அந்தக் காணொளியை அக்காவுக்குக் காட்டாதே என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த வேலையில் என்னைக் கவர்ந்த ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சள்சட்டைக்காரர் இடுப்புக்கு மேலே காட்டும் சைகை விமானிக்கு, இடுப்புக்குக் கீழே காட்டுவது தளத்தில் நிற்கும் ஆட்களுக்கு. ஒரே உடம்பில் இரண்டு மொழி. நீலச்சட்டை போட்டவன் இரண்டையும் படித்து, நம்பிக்கை பெற்று, ஒருநாள் மஞ்சளுக்குப் போவான். கட்டளை அறையில் தளத்தின் சின்ன மாதிரி ஒன்று மேசையாக இருக்கும். விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டுத் தகடு. எதற்கு எண்ணெய் வேண்டும், எது பழுது என்று காட்ட அதன்மேல் நட்டு, ஊசி என்று ஏதாவது வைப்பார்கள். கொம்பியூட்டர் வந்த பிறகும் அந்த மேசை போகவில்லை. கரம் போர்ட்டைச் சுற்றி நிற்பதுபோல அதைச் சுற்றி நின்றுதான் அடுத்து எதை எங்கே தள்ளுவது என்று தீர்மானிப்பார்கள். இந்த மூளை வேலை பச்சைக்கோ ஊதாவுக்கோ இந்த அளவில் இல்லை.

கைதவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை வேண்டாம். 2025 ஏப்ரல் 28ஆம் திகதி செங்கடலில் ஹரி எஸ். ட்ரூமன் கப்பலின் ஹாங்கரில், அதாவது விமானம் நிறுத்தும் கூடத்தில், ஓர் எஃப்-18 விமானத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது கட்டுப்பாடு விட்டுப்போய், விமானமும் இழுவை வண்டியும் சேர்ந்து கடலுக்குள் விழுந்தன. ஆட்கள் தப்பினார்கள், ஒருவருக்குச் சின்னக் காயம். நான் ஒருமுறை இழுவை வண்டியின் பின்பக்கத்தால் பெட்டி வண்டியொன்றைச் சுரண்டியதற்கே ஒரு கிழமைச் சம்பளம் பிடித்தார்கள்.

நீலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, அதை அவன் கவனிக்கவில்லை. தளத்தில் தீயணைக்கும் குழுவும் ஏபிஎச் ஆட்கள்தான். 1967 ஜூலை 29ஆம் திகதி வியட்நாம் கடலில் ஃபொரஸ்டல் கப்பலில் ஒரு விமானத்திலிருந்து தவறி வெடித்துப் பாய்ந்த ரொக்கெட் எதிரே நின்ற விமானத்தின் எண்ணெய்த் தாங்கியில் பட்டது. தலைமை ஏபியாக இருந்த ஜெரால்ட் ஃபாரியர் கையில் ஒரு சின்ன அணைப்பானோடு, பாதுகாப்பு உடை எதுவும் இல்லாமல், நெருப்புக்குள் கிடந்த குண்டை நோக்கி ஓடினார். குண்டு வெடித்தது. அவரும் முதலில் போன குழுவில் பெரும்பாலானோரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மொத்தம் 134 பேர். நோஃபோக்கில் உள்ள தீயணைப்புப் பள்ளிக்கு இன்றும் அவருடைய பெயர்தான். கப்பலில் ஏறும் ஒவ்வொருவனும் தீயணைக்கப் பழக வேண்டும் என்ற பிடிவாதம் அந்த நெருப்பில் இருந்து வந்தது. இந்தப் பக்கம் போய்ப் பழகியவனுக்கு வெளியே விமான நிலையத் தீயணைப்புப் படையில் இடம் தேடலாம். ராம்பில் பெட்டி ஏற்றுகிறவனின் சம்பளமும் தீயணைப்புக்காரனின் சம்பளமும் ஒன்றல்ல. நான் இருந்த இடத்திலும் நாங்கள் அவர்களின் கட்டடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம், குளிரூட்டி போட்டது.

பச்சைக்கு வருகிறேன். கற்றபுல்ட் என்றதும் அவன் ஏதோ ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைத்தான். “கெற்றப்போல்தான்ரா” என்றேன். நாங்கள் மாங்காய்க்கு அடித்த அதே சாமான். இங்கே கல்லுக்குப் பதில் இருபது தொன்னுக்கு மேற்பட்ட விமானம், இறப்பருக்குப் பதில் நீராவி. இரண்டு செக்கனுக்குள் நின்ற நிலையில் இருந்து மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் எறியும். எறியுமுன் பச்சைச்சட்டைக்காரன் ஒருவன் ஒரு பலகையை விமானிக்குத் தூக்கிக் காட்டுவான். அதில் விமானத்தின் நிறை எழுதியிருக்கும். விமானி சரி என்று காட்டினால் அந்த நிறைக்கு ஏற்றபடி நீராவி வைப்பார்கள். எண் பிழைத்தால் விமானம் கடலுக்குள் போகும், அல்லது முன்சக்கரம் கழன்று போகும். இறங்கும்போது தடுத்துப் பிடிக்கும் இரும்பு வடங்களும் இவர்கள் பொறுப்பு. 2016 மார்ச்சில் ஐசனோவர் கப்பலில் வடம் அறுந்து தளத்தைச் சுழற்றி அடித்ததில் எட்டுப் பேர் காயப்பட்டார்கள். கீழே இருந்த இயந்திரத்தைப் பராமரித்ததில் நடந்த பிழை என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

இயந்திரத்தில் கை வைக்க ஆசை இருப்பவனுக்குப் பச்சைதான் நல்லது. கிரீஸ், ஹைட்ரோலிக், வால்வு, எல்லாம் கைக்கு வரும். எனக்கு இதில் இரண்டு தயக்கம். முதலாவது, கற்றபுல்ட் என்ற சாமான் கரையில் எந்தக் கொம்பனியிடமும் இல்லை. அமெரிக்காவிடம் இருப்பது 11 விமானந்தாங்கிகள், இவன் வாழ்க்கை அந்த 11க்குள்தான் சுற்றும். நீலமும் ஊதாவும் என்றால் ஹெலிகொப்டர் தாங்கும் வேறு பெரிய கப்பல்களிலும் இடம் உண்டு. இரண்டாவது, புதிய ஜெரால்ட் ஆர். ஃபோர்ட் கப்பலில் நீராவியே இல்லை, மின்காந்தத்தால் எறிகிறார்கள். அடுத்தடுத்து வருபவையும் அப்படித்தான். இன்று நீராவி படிப்பவன் நாளைக்கு மறுபடி முதலாம் வகுப்பில் இருக்க வேண்டி வரலாம்.

ஊதாச்சட்டைக்காரரை அங்கே “கிரேப்ஸ்”, அதாவது திராட்சை, என்று கூப்பிடுவார்களாம். இணுவில், கோண்டாவில் பக்கம் பந்தலில் தொங்கும் முந்திரிகைக் குலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு பாராட்டாகத்தான் இருக்கும். இவர்களின் வேலை கப்பலின் அடியில் உள்ள பம்ப் அறையில் தொடங்கி மேலே விமானத்தின் வாயில் முடிகிறது. எண்ணெயைச் சுத்தப்படுத்தி, கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, அடியில் தண்ணீரோ தூசியோ தங்கியிருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்துத்தான் விடுவார்கள். ராம்பிலும் எண்ணெய்க்காரர் இதையே செய்வார். காலை வெயிலில் அந்தப் போத்தலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற முகத்தை நான் மறக்கமாட்டேன், வைத்தியர் மாதிரி இருக்கும்.

இந்த எண்ணெயை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவனை விட வேறு யாருக்குத் தகுதி? பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது, அதனால் அந்தக் கூத்து. ஜெட் எண்ணெயும் மண்ணெண்ணெய் இனம்தான். வழக்கமான பயணிகள் விமானத்தின் எண்ணெய் 38 பாகைச் சூட்டில் பற்றக்கூடிய ஆவி விடும். கப்பலில் பாவிக்கும் ஜேபி-5 குறைந்தது 60 பாகைக்கு மேல்தான் அப்படி விடும். ஆட்கள் படுக்கிற இடத்துக்கும் குண்டு வைக்கிற இடத்துக்கும் நடுவில் தாங்கி தாங்கியாக எண்ணெயை வைத்திருக்கும் கப்பலுக்கு இந்த 22 பாகை வித்தியாசம் உயிர்.

ஊதாவின் நன்மை வெளியே வந்த பிறகு தெரியும். எந்த நாட்டிலும் எந்த விமான நிலையத்திலும் எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. துறைமுகத்தில் இருக்கிறது, மின்நிலையத்தில் இருக்கிறது. பம்ப், வடிகட்டி, தரப் பரிசோதனை தெரிந்தவனுக்கு அங்கே கதவு திறக்கும். கெடுதலும் சொல்ல வேண்டும். தோலிலும் மூச்சிலும் எண்ணெய். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் அடிக்க வேண்டிய நேரங்களும் உண்டு.

சம்பளத்தில் மூன்று நிறத்துக்கும் வித்தியாசம் இல்லை. 2025 ஏப்ரல் கணக்கில் ஆகக் கீழ்ப்படியில் மாதம் 2,300 டொலர் சொச்சம், தளத்தில் நிற்பதற்கு ஆபத்துப் படி 150 டொலர். படுக்கை, சாப்பாடு, வைத்தியம் காசில்லை. படுக்கை என்று சொன்னால் மூன்று தட்டு அலுமாரியில் ஒரு தட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டும், தலைக்கு மேலே கற்றபுல்ட் அடிக்கும். ஒருமுறை புறப்பட்டால் ஏழு எட்டு மாதம். ஐசனோவர் 2023 ஒக்டோபரில் போனது 2024 ஜூலையில்தான் திரும்பியது. ஒப்பந்தம் கைச்சாத்திட்டால் மொத்தக் கடப்பாடு எட்டு வருடம், அதில் ஒரு பகுதி கப்பலில், மீதி கூப்பிட்டால் வர வேண்டிய பட்டியலில். அந்த எட்டை ஒருவரும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெறுமதியான இரண்டு உண்டு. கிரீன்கார்ட்டோடு சேர்ந்தவன் வழக்கமான ஐந்து வருடக் காத்திருப்பு இல்லாமல், கட்டணமும் இல்லாமல் குடியுரிமைக்கு எழுதலாம். மற்றது, மூன்று வருடம் சேவை முடித்தால் 36 மாதப் படிப்புச் செலவை அரசாங்கம் பார்க்கும், வாடகைப் படியோடு. பல்கலைக்கழகம் மட்டுமில்லை, விமான மெக்கானிக் பள்ளிக்கும் அது செல்லும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள் என்றேன்.

இப்போது கரை. அக்காவின் விருப்பம் நெவார்க் விமான நிலைய ராம்ப். வீட்டில் இருந்து போய் வரலாம், கையால் சமைத்துக் கொடுக்கலாம். அங்கே 2023 செப்டெம்பரில் விமான நிலைய ஊழியருக்கு ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 19 டொலர் ஆனது. கிழமைக்கு 40 மணித்தியாலம் என்று போட்டால் மாதம் 3,290 டொலர் அளவில், வரிக்கு முன். பார்வைக்கு நேவியை விடக் கூட, வாடகை கட்டிய பிறகு குறைய. விமானக் கொம்பனியே நேரடியாக எடுத்தால் காலி இடம் இருக்கும் விமானத்தில் காசில்லாமல் பறக்கலாம். வருடம் ஒருமுறை அம்மாவை வந்து பார்ப்பான் என்று அக்கா அதிலேயே நிற்கிறா. போன வருடம் நான் சென்னையில் இருந்து பலாலிக்கு வந்து இறங்கியபோது, கண்ணாடியால் பார்த்தேன், விசிறி ஓய்ந்ததும் ஒரு பெடியன் குனிந்து கட்டையை வைத்துவிட்டு, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக் கையைத் தூக்கினான். வடிவாகச் செய்தான். ஆனால் ஒன்பது வருடம் அதையே செய்தவன் சொல்கிறேன்: ராம்பில் பத்தாவது வருடம் முதலாவது வருடம் போலத்தான் இருக்கும், முதுகு மட்டும் வேறு. நியூஜேர்சிப் பனிக்காலம் என்றால் அதிலும் மோசம்.

கரையில் இன்னொரு வழி மெக்கானிக் படிப்பு. அமெரிக்க விமானத்துறையின் உடற்பகுதி, எஞ்சின் இரண்டுக்குமான சான்றிதழ் கையில் இருந்தால் அது உலகம் முழுக்கப் பேசும். பள்ளிக்குப் போகாமல் வேலை அனுபவத்தால் எடுப்பதென்றால் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத அனுபவம் காட்ட வேண்டும், அது திருத்துகிற அனுபவமாக இருக்க வேண்டும். இங்கேதான் ஏபி தட்டுப்படுவான். நாலு வருடம் விமானத்தோடு நின்றிருப்பான், ஆனால் நின்றது தள்ளுகிற பக்கம். பள்ளிக்கு இப்போதே போகக் காசு இல்லை, அத்தானின் முதுகு நோவுக்குப் பிறகு வீட்டில் ஒரு சம்பளம்தான்.

லண்டன் பிள்ளைகள் வாசித்தால் ஒரு வரி. பிரித்தானியக் கடற்படையில் இப்படி மூன்றாகப் பிரிப்பதில்லை. எயர்கிராஃப்ட் ஹான்ட்லர் என்ற ஒரே ஆள் நகர்த்தவும் வேண்டும், தீயணைக்கவும் வேண்டும், பயிற்சி கோர்ன்வாலில் கல்ட்ரோஸ் தளத்தில். அவர்களின் இரண்டு பெரிய கப்பலிலும் கெற்றப்போல் இல்லை, முன்னால் வளைந்து ஏறும் தளத்தில் விமானம் தானாகவே ஓடிப் பாயும்.

காதைப் பற்றித் தனியே எழுதுகிறேன், ஏனென்றால் ஒருவரும் எழுதமாட்டார்கள். எனக்கு இடக்காதில் மேல் சுருதி போய்விட்டது. நான் வேலை செய்த கொம்பனி, பெயர் வேண்டாம், நுரை இயர் பிளக்கை மாதத்துக்கு ஒரு சோடி என்று எண்ணித் தந்தது. கழுவிக் கழுவிப் போட்டோம். ஊருக்கு வந்த முதல் மாரியில் மனைவி “தவளை கத்தி நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு” என்றா. எனக்குத் தவளை கேட்டது. சில்வண்டு கேட்கவில்லை. அது கத்துகிறது என்று அவ சொல்லித்தான் தெரியும். கப்பலில் இயர் பிளக்கும் அதற்கு மேல் காதுமூடியும் இரண்டும் போட வைப்பார்கள், சத்தம் 140 டெசிபெல்லையும் தாண்டும். அப்படி இருந்தும் அமெரிக்காவில் முன்னாள் படையினர் நட்டஈடு கேட்கும் நோய்களில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். சேருமுன் காதைச் சோதிப்பார்கள், அந்தத் தாளின் பிரதியை வாங்கி அக்காவிடம் கொடுத்து வை, அவ பத்திரமாக வைப்பா என்று சொன்னேன்.

ஆக, நான் போட்ட கணக்கு இதுதான். ஊதா, அதன் பிறகு படிப்புக் காசில் மெக்கானிக் பள்ளி. இரண்டும் சேர்ந்தால் எண்ணெயும் எஞ்சினும் தெரிந்த ஆள், இருபத்தாறு வயதுக்குள், அமெரிக்கக் கடவுச்சீட்டோடு. நீலம் என்றால் தீயணைப்புப் பக்கம் போவதாக இருந்தால் மட்டும். பச்சை வேண்டாம், அவன் கை இயந்திரத்துக்கு ஏற்ற கை என்றாலும். நெவார்க் ராம்பை அக்காவுக்காக ஒருவருடம் செய்யலாம், அதற்கு மேல் செய்தால் அதிலேயே இருந்துவிடுவான், என்னைப்போல. எதை எடுத்தாலும் வாயால் சொன்னதை நம்பாமல், ஒப்பந்தத் தாளில் அந்த மூன்று எழுத்தும் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனையை எடு என்றும் எழுதினேன்.

எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தான். “மாமா, அந்த மேலயும் கீழயும் சிக்னல் காட்டுற ஆள், அவர் நீலத்தில இருந்துதானே வாறவர்?” என்றான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு ஊதாவைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நானும் அந்தக் குச்சி இரண்டையும் முதல்முதலாகக் கையில் வாங்கிய நாளில் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை.

அப்போது அம்மா சாமியறையில் இருந்து வந்து என் பின்னால் நின்றா. இரண்டு கிழமையாக இந்தக் கதையில் வாய் திறக்காதவ, போனுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டா: “உனக்கு நீந்தத் தெரியுமோ?”

நான் வாசித்ததில் எங்கேயோ அது இருந்தது, கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். ஆரம்பப் பயிற்சியில் உயரத்தில் இருந்து தண்ணீருக்குள் குதித்து, 50 யார் நீந்தி, ஐந்து நிமிடம் குப்புற மிதந்து காட்ட வேண்டும். காட்டாதவனுக்கு எந்த நிறமும் இல்லை.

“கீரிமலைக் கேணியில நீந்தினவன்தானே அம்மா” என்று நான் அவனுக்காகச் சொன்னேன். சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குக் கூட்டிக்கொண்டு போய் நான்தான் இறக்கிவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்துக்கொண்டு சொன்னான்.

“கேணியில எனக்குக் கால் முட்டினது மாமா.”